350 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்: திருவல்லிக்கேணி மாடியில் ஒரு டிக்கெட் கடை

திருவல்லிக்கேணி ஹைரோட்டில் பெரிய மசூதியைத் தாண்டி, ஜெராக்ஸ் கடைக்கும் அத்தர் கடைக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு ஏறும். பதினெட்டுப் படி. கைப்பிடி பாதியிலேயே நின்றுவிடும். முட்டிவலி உள்ளவர்கள் கீழேயிருந்து போன் செய்தால் பையன் இறங்கி வருவான் என்று போர்டில் எழுதியிருக்கிறது. போனை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆக, ஏறித்தான் ஆகவேண்டும்.

மேலே ஒரே அறை. மூன்று நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சத்தம் போடும் மின்விசிறி, சுவரில் மக்காவின் படம், அதன் கீழே எந்த வருடத்தையோ சேர்ந்த விமானக் கம்பெனி காலண்டர். கடைக்காரர் பாய் நடுவில் உட்கார்ந்திருப்பார். கடையின் பெயரையும் எழுதித்தான் இந்த விமர்சனத்தைத் தொடங்குவதாக இருந்தேன். "பேர் போடாதீங்க மேடம், இருக்கிற கூட்டத்துக்கே நாற்காலி பத்தல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் பெயர் இல்லை. தேடிப் பிடிப்பவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வங்கியில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அதில் 11 வருடம் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். வீடு ஐஸ் ஹவுஸ் பக்கம். மகள் டெல்லியில் துவாரகாவில் இருக்கிறாள். வருடத்துக்கு மூன்று தடவை போய்வருகிறேன். மருமகன் என் போனில் நாலு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "இதிலேயே ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்மா, எதுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 350 ரூபாய் தண்டம்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2024 மார்ச். நோன்பு மாதம். மகளுக்கு ஏப்ரல் நடுவில் பிரசவ தேதி கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் நான் அங்கே இருந்தாக வேண்டும். சாயங்காலம் கடைக்குப் போனால் பாய் நோன்பு திறக்கும் நேரம். எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி வந்தது. மேலே கொஞ்சம் புதினா, கூட ஒரு வடை. அதைக் குடித்து முடிக்கும்வரை வியாபாரம் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம்.

நான் விஸ்தாரா விமானம் வேண்டும் என்றேன். சாப்பாடு நன்றாக இருக்கும், கால் நீட்ட இடமும் பரவாயில்லை, சிப்பந்திகள் மரியாதையாகப் பேசுவார்கள். வழக்கமாக அவர் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுப்பார். அன்றைக்குப் போடவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார்.

இந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் பாதி மதிப்பு இதற்குத்தான். தன்னிடம் டிக்கெட் எடுத்தவர் எந்த விமானத்தில் போனார், நேரத்துக்குக் கிளம்பியதா, ரத்தானதா, கம்பெனி என்ன காரணம் சொன்னது என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். நல்லது நீல மையில், கெட்டது சிவப்பில். கம்ப்யூட்டரில் ஏற்றக்கூடாதா என்று கேட்டால், "கம்ப்யூட்டர் கம்பெனியோட சாமான், இது என்னோடது" என்பார்.

"மேடம், பிரசவத்துக்குப் போறீங்க. இந்த ஒரு தடவை வேற எதுலயாவது போங்க. ரெண்டு கம்பெனிய சேர்க்கிறாங்க. பைலட் பசங்க கிட்ட புது ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க. பசங்க முகம் சரியில்ல."

இவருக்கு எப்படித் தெரியும்? ஒரு துணை விமானியின் அப்பா இவரிடம் டிக்கெட் எடுப்பவர். அவ்வளவுதான் ரகசியம்.

விஷயம் என்னவென்று அப்புறம் பத்திரிகைகளில் எல்லோருமே படித்தோம். டாடாவுக்கு 51 சதவீதமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 49 சதவீதமும் சொந்தமான விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்து விமானிகளுக்கும் ஒரே மாதிரி சம்பளக் கணக்கு கொண்டுவர வேண்டும். அதுவரை விஸ்தாரா விமானிக்கு, பறந்தாலும் பறக்காவிட்டாலும், மாதம் 70 மணி நேரத்துக்கான சம்பளம் உறுதி. புது ஒப்பந்தத்தில் அது 40 மணி நேரம். அதற்கு மேல் பறந்தால் பறந்த கணக்கு. கடன் வாங்கிப் பயிற்சி முடித்துவிட்டு வந்த இளம் துணை விமானிகளுக்கு இது நேராக வயிற்றில் அடிக்கிற விஷயம்.

பாய் கணக்கு இவ்வளவோடு நிற்கவில்லை. "மார்ச் 31 ஞாயித்துக்கிழமை கோடை அட்டவணை ஆரம்பம், ஃப்ளைட் கூடும். ஆள் கூடல. அன்னிக்குத்தான் கம்பெனி குடுமி பைலட் பசங்க கைக்கு வரும்" என்றார். நான் தொழிற்சங்கக்காரி. இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். டிக்கெட் விற்பவர் சொல்லிவிட்டார்.

சரி என்று இண்டிகோவில் எடுத்தேன். 900 ரூபாய் அதிகம், சாப்பாட்டுக்குத் தனிக் காசு. கூடவே பாதுகாப்புக்கு என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மூன்றடுக்கு ஏசியில் ஒன்று போட்டு வைத்தார். விமானம் உறுதியானதும் ரத்து செய்துகொள்ளலாம், 180 ரூபாயும் வரியும்தான் போகும் என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. பாய்க்கு ரயில் மேல் ஒரு பாசம் உண்டு.

ஏப்ரல் முதல் வாரம் என்ன நடந்தது என்பது நாடறிந்தது. விமானிகள் பலர் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்ல, விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தாயின. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) தினமும் கணக்குக் கேட்டது. கடைசியில் கம்பெனியே ஒரு நாளைக்கு 25 முதல் 30 விமானங்களை, அதாவது சுமார் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. நான் அரசினர் தோட்டத்தில் மெட்ரோ ஏறி, நேராக விமான நிலையத்தில் இறங்கி, சொன்ன நேரத்துக்கு டெல்லி போய்ச் சேர்ந்தேன். பேத்தி ஏப்ரல் 13 பிறந்தாள். மருமகனுக்கு அன்றைக்கு 350 ரூபாய் ஞாபகம் வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 98 சதவீத விமானிகள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகக் கம்பெனி சொன்னது. போட்டும் இருப்பார்கள். போட்ட பிறகுதான் காய்ச்சல் வந்தது. எங்கள் வங்கியையும் இன்னொரு வங்கியோடு சேர்த்தார்கள். அப்போது விருப்பப் படிவம் என்று ஒன்று கொடுத்தார்கள்; எல்லோருமே கையெழுத்துப் போட்டோம்; மறுநாளிலிருந்து கவுண்டரில் ஒருவரும் ஐந்து மணிக்கு மேல் உட்காரவில்லை. விதிப்படி அது போதும். நிர்வாகம் ஓடுவதே விதிக்கு மேல் நாம் செய்கிற வேலையில்தான் என்பது அப்படிச் செய்தால்தான் தெரியும். விமானிகளுக்கும் அதே கதை. ஓய்வு நாளில் கூப்பிட்டால் வருகிறேன் என்பது அவர்கள் செய்யும் உபகாரம். அந்த உபகாரத்தை நம்பி அட்டவணை போட்டால், அது நின்ற அன்றைக்கு விமானமும் நிற்கும். வேலைநிறுத்தம் என்று ஒரு நோட்டீஸ்கூட ஒட்ட வேண்டாம்.

போகிறவன் போகட்டும், வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல முடியாதா? முடியாது. 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு விதி போட்டது: கேப்டன் வேலையை விட வேண்டுமென்றால் ஒரு வருட நோட்டீஸ், துணை விமானிக்கு ஆறு மாதம். விமானிகளைக் கட்டிப்போடத்தான் அந்த விதி. ஆனால் கதவைப் பூட்டினால் வெளியே போவது மட்டுமா கஷ்டம்? அடுத்த வீட்டிலிருந்து ஆள் உள்ளே வருவதும் கஷ்டம். இன்றைக்குப் பத்துக் கேப்டன் தேவை என்றால் அடுத்த வருடம்தான் கிடைப்பார்கள். பாய் இதைக் கேட்டுவிட்டு, "இது நோட்டுல இல்லையே" என்று எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடையில் குறைகளும் இருக்கின்றன. பேச்சு. டிக்கெட் எடுக்கப் பத்து நிமிடம் போதும், நாற்பது ஆகும். உம்ரா (மக்கா புனிதப் பயணம்) சீசனில் போனால் உள்நாட்டு டிக்கெட்டைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். ரசீது கேட்டால்தான் வரும். இருக்கை எண் முன்கூட்டியே போட மறந்துவிடுவார், எனக்கு இரண்டு தடவை நடு சீட் கிடைத்தது. அதற்குச் சமாதானமாக ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னார். இன்னும் வாங்கித் தரவில்லை.

ஆனால் அந்த நாற்பது நிமிடப் பேச்சில்தான் சரக்கு. இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் மார்ஷல்ஸ் ரோடு அலுவலகத்தில் வரிசையில் நின்று, சிவப்புக் கார்பன் டிக்கெட் வாங்கிவரும் பையனாக ஆரம்பித்தவர். 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஏர் இந்தியாவையும் சேர்த்ததைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும். கம்பெனி ஒன்றானது, விமானிகள் ஒன்றாகவில்லை. இரண்டு சங்கம். 2011-இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சமச் சம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் பழைய ஏர் இந்தியா விமானிகள் இறங்கினார்கள். அவர்கள் கோபம், புதிதாக வரப்போகும் போயிங் டிரீம்லைனரில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்களே என்று. 58 நாள். நூறு பேருக்கு மேல் வேலைநீக்கம், சங்கத்தின் அங்கீகாரமும் போயிற்று. கையில் ஒன்றும் கிடைக்காமல் ஜூலையில் திரும்பினார்கள்.

"இவங்க இறங்கினப்ப அவங்க ஓட்டினாங்க, அவங்க இறங்கினப்ப இவங்க ஓட்டினாங்க. முதலாளிக்கு வேற என்ன வேணும் மேடம்?" என்று பாய் கேட்டார்.

இதில் அவரோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. ஒற்றுமையில்லாததுதான் காரணம் என்று அவர் நிறுத்திவிடுவார். ஏன் ஒற்றுமையில்லை என்பதுதான் கேள்வி. விமானிக்குச் சம்பளத்தைவிடப் பெரியது சீனியாரிட்டி வரிசை. எப்போது கேப்டன் ஆவான், எந்த விமானம் ஓட்டுவான், எந்த ஊரில் இருப்பான், தீபாவளிக்கு லீவு உண்டா, எல்லாம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. இரண்டு வரிசையை ஒன்றாகக் கோக்கும்போது நான் ஒரு படி ஏறினால் நீ ஒரு படி இறங்க வேண்டும். சம்பளத்தை இரண்டு பேருக்குமே ஏற்றலாம். வரிசையில் அது நடக்காது. எங்கள் வங்கியிலும் இதே சண்டைதான். 22 வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவரோடு நான் பேசாமல் இருந்தது அந்தப் பட்டியல் வந்த பிறகுதான். இப்போது பேசுகிறோம். ஆனால் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை.

அமெரிக்காவில் இன்னும் மோசம். யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-இல் சேர்ந்தன. வரிசையைக் கோர்க்க ஒரு நடுவரை வைத்தார்கள். 2007-இல் அவர் தீர்ப்பு சொன்னார். யூஎஸ் ஏர்வேஸ் விமானிகளுக்குப் பிடிக்கவில்லை. தீர்ப்பை மாற்ற முடியாது என்றதும் சங்கத்தையே மாற்றினார்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம், 2008-இல் வாக்கெடுத்துப் பழைய சங்கத்தைத் துரத்திவிட்டுப் புதிதாக ஒன்று அமைத்தார்கள். விளைவு, ஒரே பெயர் எழுதிய விமானங்களை வருடக்கணக்கில் இரண்டு கூட்டம் தனித்தனியாக ஓட்டியது. இந்தப் பக்கத்து விமானி அந்தப் பக்கத்து விமானத்தில் ஏற முடியாது. இணைப்பால் மிச்சமாகும் என்று கம்பெனி போட்ட கணக்கில் ஒரு பெரிய பகுதி ஆட்களைக் கலந்து ஓட்டுவதில்தான் இருக்கிறது. அதற்குக் கூட்டு ஒப்பந்தம் வேண்டும், அதில் விமானிகளின் கையெழுத்து வேண்டும். குடுமி அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடுமியை இரண்டு கை இரண்டு பக்கமும் இழுத்தால் ஒன்றும் நடக்காது.

இதற்கு நேர்மாறாக ஒரு கதையும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. 2011 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவால் நோட்டீஸ் கொடுத்தது. நிர்வாகம் தனியாகவே நிமிர்ந்துவிடலாம் என்று நினைத்தது. 2012 ஏப்ரலில் அதன் விமானிகள் சங்கமும் இன்னும் இரண்டு சங்கங்களும், தங்கள் முதலாளியைக் கேட்காமலே, வாங்க ஆசைப்பட்ட யூஎஸ் ஏர்வேஸோடு போய் ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டன. பெண்ணைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்ப்பார்கள் இல்லையா, இங்கே பெண் அப்பாவைக் கேட்காமல் பார்த்துக்கொண்டாள். 2013 டிசம்பரில் இணைப்பு நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கேட்டதுதான் கிடைக்கும், தாலி கட்டிய பிறகு கேட்பது மனு என்று பாயிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க வீட்டுல மனுதான் ஓடுது" என்றார்.

விஸ்தாரா பையன்களிடம் அப்படி ஒரு சங்கம் இல்லை. ஆளுக்கு ஒரு ஒப்பந்தம், ஆளுக்கு ஒரு கையெழுத்து, கடைசியில் ஆளுக்கு ஒரு காய்ச்சல். அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் சிப்பந்திகள் இதே மாதிரி மொத்தமாக உடம்பு சரியில்லை என்றபோது 25 பேரை நீக்கினார்கள். ஆனால் அங்கே ஒரு சங்கம் இருந்தது. மே 9-ஆம் தேதியே டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் உட்கார்ந்து பேசி, நீக்கிய 25 பேரையும் திரும்ப எடுக்கச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். நான் அப்போது டெல்லியில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டு டிவியில் பார்த்தேன். கை தட்டியதில் குழந்தை பயந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு டிக்கெட் கடை விமர்சனத்தில் எதற்கு என்று கேட்பீர்கள். பாய் கொடுக்கிற சேவையே இதுதான். கீழ்வீட்டுக்காரரின் டெல்லி விமானம் ஒரு தடவை கிளம்ப எட்டு மணி நேரம் இருக்கையில் ரத்தானது. கம்பெனி பெயர் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தது. பாய் விடவில்லை. விமானம் கிளம்ப 24 மணி நேரம்கூட இல்லாதபோது சொல்லி ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இரண்டில் எது குறைவோ அது நஷ்ட ஈடாக வர வேண்டும். ஆனால் அதே விதியில் விலக்குகளும் உண்டு: வெள்ளம், கலவரம், அப்புறம் வேலைநிறுத்தம், தொழில் தகராறு.

இங்கேதான் பாயின் மூளை. ரத்துக்குக் காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் போடச் சொன்னார். "செயல்பாட்டுக் காரணங்கள்" என்று பதில் வந்தது. தகராறு என்று எழுதினால் பணம் கொடுக்க வேண்டாம்தான். ஆனால் எங்கள் விமானிகளோடு தகராறு என்று எந்தக் கம்பெனி தன் கையால் எழுதும்? அந்தப் பதிலையே வைத்து அரசின் ஏர்சேவா புகார் தளத்தில் புகார் போட்டார். பணம் வர இரண்டு மாதம் ஆனது. வந்தது. இதற்கு அவர் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஒரு கிலோ பாதுஷா கொண்டுபோய்க் கொடுத்தார்.

2024 நவம்பர் 12 முதல் விஸ்தாரா என்ற பெயர் இல்லை. அதற்குப் பிறகு போகும்போது பாய் அந்தச் சமயத்துக்கு ஒரு குறிப்பு கொடுத்தார்: ஏர் இந்தியா விமான எண் நாலு இலக்கமாக இருந்து 2-ல் ஆரம்பித்தால் அது பழைய விஸ்தாரா விமானம், அதே சிப்பந்திகள். டிசம்பரில் அப்படித்தான் போனேன். சாப்பாடு பழைய மாதிரியே சூடாக வந்தது, தட்டின் கீழே விரித்த தாள்கூட மாறவில்லை.

போன மாதம் போனபோது நோட்டு புதிதாகியிருந்தது. புதுத் தொழிலுறவுச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்துவிட்டது, பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தமாகக் கணக்கு வைப்பார்கள் என்றேன். முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். பேனாவை மூடாமல், "தற்செயல் விடுப்பு சரி மேடம். காய்ச்சல்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் மூன்று வரை கடை கிடையாது. ஜிபே உண்டு, கார்டு இல்லை. ஆதாரில் இருக்கிறபடி பெயரை எழுதி எடுத்துப் போங்கள், இனிஷியல் விஷயத்தில் பையன் குழப்புவான். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். சாம்பார் இட்லி வந்தால் நாலரை.